நான்கு கைப்பிடிகளும் ஒரு நாய்ச் சங்கிலியும்

தார்ப் பீப்பாயைத் தட்டி விரித்து லொறிக்கு மட்கார்ட் செய்தேன். உடைந்த பிஸ்டன்களை உருக்கிப் புதுப் பிஸ்டன் வார்த்தேன். எருமைத் தோலில் பெல்ட் தைத்துப் போட்டு, ஒரு பஸ்ஸை மாத்தளையிலிருந்து நாவுல வரைக்கும் அனுப்பித் திரும்பவும் வரவழைத்தேன். கரையான் தின்ற சீமைக் கார் ஒன்றுக்கு ஹல்மில்ல மரத்தை இழைத்து உள்ளெலும்பு முழுவதையும் கட்டினேன். அதே காருக்கு நான்கு கதவுக் கைப்பிடிகள் வார்த்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்பேனர்கூட வராத எழுபதுகளில், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒருவன், அலுவிகாரை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு செய்த வேலைகள் இவை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பஸ் ஓடியது.

கடைசியாகச் சொன்னேனே, அந்தக் கைப்பிடிகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மற்ற எதையும் யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை.

கார், நான் பிறந்த தோட்டத்துத் துரையுடையது. அவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனதால், கொக்கோ காயப்போடும் கொட்டகையில் பல வருடம் கிடந்தது. எங்கள் டவுனில் ஏலமும் மிளகும் வியாபாரம் செய்த ஹாஜியார் அதை வாங்கி, மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தார். கொழும்புக்காரர்கள் பழைய கார்களுக்குப் போட்டி வைக்கிறார்களாம். அதில் கப் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. எங்கள் பக்கம் கைவேலைக்காரன் எவனும் 'பாஸ்'தான்; என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"பாஸ், ஃபேக்டரியில இருந்து எறங்கின மாதிரியே ஈக்கணும். ஒரு ஆணி மாறக் கூடாது."

"ஆணி இருந்தாத்தானே ஹாஜியார் மாறாம பாத்துக்கிறதுக்கு? துரு தின்னு ஏப்பம் விட்டிருச்சு."

நான்கு கதவுகளில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கைப்பிடி, சாரதி பக்கத்து முன்கதவில். நிக்கல் பூச்சு உரிந்து பித்தளை தெரிந்தது. அதன் மேல்விளிம்பில் ஒரு பள்ளம், விரல் வைத்தால் விரல் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். நாங்கள் தோட்டத்து லய வீட்டில் இருந்த காலத்தில், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து இறங்கியதும் துரை தன் நாயை அந்தக் கைப்பிடியில்தான் கட்டுவார். பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் எங்கள் ஆட்களைப் பார்த்து அது குரைக்கும், பாயும், சங்கிலியை இழுக்கும். வருடக்கணக்காக அந்தச் சங்கிலி உரசி விழுந்த பள்ளம் அது. என் அம்மாவைப் பார்த்துப் பாய்ந்த பாய்ச்சலும் அதில் இருக்கிறது.

ஹாஜியாரிடம் சொன்னேன். "இது நாய்ச் சங்கிலி தேச்ச இடங்க. அடைச்சிட்டு அச்சு எடுக்கவா?"

அவர் சிரித்தார். "நாயாம், நரியாம்! வெள்ளக்காரன் சும்மா பள்ளம் வெப்பானா பாஸ்? உள்ளது உள்ளபடி செய்ங்க."

உள்ளது உள்ளபடி வேண்டுமென்றால் அதில் எனக்கு மிஞ்சி யாரும் கிடையாது. சுது கங்கை மணலைச் சலித்துக் களிமண் பிசைந்து, அந்தக் கைப்பிடியையே அழுத்தி அச்சு எடுத்தேன். பித்தளை ஆறும்போது சுருங்கும். அதனால் அழுத்துவதற்கு முன்னால் கைப்பிடியின் மேல் அரக்கு ஒரு படலம் ஏற்றினேன். இதை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பழைய தண்ணீர்க் குழாய்களை உருக்கி ஊற்றினேன். முதல் ஆறும் குமிழி விழுந்து பாழ். பிறகு மூன்று தேறின. அந்த மூன்றை மட்டும் கண்டிக்கு அனுப்பி நிக்கல் ஏற்றி வாங்கினேன்; பழையதைத் தொடக் கூடாது என்பது ஹாஜியார் கட்டளை. மூன்றும் ஒரே அச்சு என்பதால், எதிர்த்திசை பார்க்க வேண்டிய இடப்பக்கக் கதவுகளுக்குத் தலைகீழாகத் திருப்பிப் போட்டபோது பள்ளம் கீழே போய்விட்டது. பார்த்தேன். பேசாமல் மாட்டினேன்.

போட்டி சீகிரியாக் குன்றின் அடியில், மரநிழலில். கொழும்புக் கார்கள் இரண்டு நாவுலவிலேயே தண்ணீர் கொதித்து நின்றன. எங்கள் கார் ஒரு இருமல்கூட இருமவில்லை.

நடுவராக வந்தவர் கொழும்புத் தமிழர். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் காரின் பழைய கட்டலொக். வலப்பக்கப் பின்கதவில் குனிந்தார். "அடடா, இது அசல் ஃபேக்டரி வேலை. விரலுக்குக் குழி வச்சிருக்கான் பாருங்க." இடப்பக்கம் போனார். "இங்க குழி கீழ! கீழயிருந்து தூக்கித் திறக்கிறவங்களுக்கு. எவ்வளவு யோசிச்சிருக்கான்!" கடைசியாகச் சாரதி கதவுக்கு வந்தார். முகம் சுளித்தது. "இது ஊர்ல யாரோ பாஸ் செஞ்ச போலி. பித்தளை இளிக்குது."

என்னால் முடியவில்லை. "ஐயா, தலைகீழாச் சொல்றீங்க. அது ஒண்ணுதான் சீமையில செஞ்சது. மத்த மூணும் நான் வார்த்தது."

ஹாஜியார் என் காலை மிதித்தார். "பாஸ், வாயப் பொத்துங்க. கப் கைக்கு வரப் போகுது."

நடுவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனாம் வகுப்பு படிச்சீங்க?"

"மூணு. பித்தளைக்கு அது தெரியாதுங்க."

"அப்ப இந்தக் குழி?"

"துரையோட நாயைக் கட்டின சங்கிலி தேச்சது."

"அப்போ மூணு கதவுலயுமா நாயைக் கட்டினாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது.

"நாய் ஒண்ணுதான், வார்ப்பு மூணு!" என்று கத்தினேன். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு கைப்பிடி போலி என்று புள்ளி குறைத்து இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் ஹாஜியார் சமாதானம் பேசினார். "கோவிக்காதீங்க பாஸ். நீங்க செஞ்சத ஃபேக்டரி செஞ்சதுன்னு அவரே செல்லிட்டாரே. இதவிடப் பெரிய பேர் என்ன வேணும்?"

"என் பேர் வேணும்" என்றேன்.

மறுவாரமே ஹாஜியார் கராஜுக்கு வந்து, அந்தப் 'போலி'யைக் கழற்றிவிட்டு நான்காவதையும் வார்த்துத் தரச் சொன்னார். வார்த்துக் கொடுத்தேன். அடுத்த போட்டியில் முதல் பரிசு. காருக்கு முன்னால் ஒரு அட்டை வைத்தார்கள்: கைப்பிடிகள் நான்கும் தொழிற்சாலை அசல். இன்றைக்கும் எங்கே கண்காட்சி நடந்தாலும் அந்தக் காரும் அந்த அட்டையும் சேர்ந்தே போகின்றன.

தொழிற்சாலை என்றால் என்ன, வானத்திலிருந்து இறங்கியதா? அங்கேயும் ஒருவன் என்னைப் போல மணலில்தான் ஊற்றியிருப்பான். அவன் பெயரும் வெளியே வரவில்லை. அவனுக்காக நான் பேச முடியாது. எனக்காகப் பேசுவேன்.

சீமையில் செய்த அந்த ஒரே கைப்பிடி இதோ, நான் எழுதும் தாள் பறக்காமல் இருக்க மேலே கிடக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து காரில் இருப்பவற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். வர முடியாதவர்கள் அந்தக் காரின் இடப்பக்கக் கதவுக் கைப்பிடியைத் தடவிப் பாருங்கள். எந்தத் தொழிற்சாலைக்காரன் பள்ளத்தைக் கவிழ்த்துப் போடுவான்?

அட்டையை மாற்றுங்கள். கைப்பிடிகள் நான்கும் மாத்தளையில் வார்த்தவை என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரை எழுதுங்கள். இப்போது காரை வைத்திருக்கும் ஹாஜியார் வீட்டாருக்கு என் பெயர் தெரியும். சின்ன எழுத்தில் போடக் கூடாது.