மரியாதைக்கு எடுத்த டிரான்ஸ்பார்மர்

அப்பா ஏலத்துக்குப் போனது ரெண்டு சின்ன மோட்டார் எடுக்க. திரும்பி வந்தது ஒரு மில்லுக்கே கரண்ட் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரோடு. தக்காளி வாங்கப் போனவர் தக்காளிக் கடையையே வாங்கி வந்தால்கூட அதில் ஒரு நியாயம் உண்டு. கடையிலாவது தக்காளி இருக்கும்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனியில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், அதில் நாலைந்து நிட்டிங் மெஷின், கொஞ்சம் தையல் மெஷின். வீட்டுக்கு வருகிற கரண்டே அதற்குப் போதும். அப்படிப்பட்ட வீட்டு வாசலில், கிரேன் வைத்து இறக்கிய அந்தச் சாம்பல் நிற ராட்சசன் காதுகாதாய்க் குழாய்களை விட்டுக்கொண்டு நின்றான். டிவிஎஸ் 50 போக வழி இருந்தது. லோடு வேன் போக வழியில்லை.

எங்களிடம் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன மொதலாளி, கோயில் யானைய வாங்கியாந்து கட்டிப்போட்டிருக்கிய? தீவனத்துக்கு எங்க போவிய?"

நடந்தது இதுதான். என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், மூலனூர்ப் பக்கம் புதிதாக ஸ்பின்னிங் மில் கட்டிக்கொண்டிருந்தார். மூடிப்போன ஒரு மில்லின் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று தெரிந்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் ஏலத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. கேட்பவர் ஒரே ஆளாக இருந்தால் சாமானைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் துணைக்கு ஒரு சொந்தக்காரர் ஒப்புக்கு ஒரு விலை சொல்லுவார். வேண்டியவர் அதற்கு மேல் கொஞ்சம் சொல்லி முடித்துக்கொள்வார்.

டிரான்ஸ்பார்மர் ஏலத்துக்கு வந்தபோது, "மாப்ள, நீங்க சும்மா ஒரு வெலை சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று மாமா சொல்லியிருக்கிறார். அப்பாவும் சொன்னார். ஆனால் அப்பாவுக்கு எதையும் சும்மா சொல்லத் தெரியாது. கத்தரிக்காய் விலையையே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்கிறவர். எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, முழங்கினார்.

அதற்கு மேல் மாமா வாயே திறக்கவில்லை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். மணி அடித்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்த மொத்தப் பேச்சும் இவ்வளவுதான்.

"நல்ல சாமானுங்க மாப்ள."

"ஆமாங்க மச்சான்."

"ஏன் கைவிட்டீர்கள்" என்று இவர் கேட்கவில்லை. "ஏன் எடுத்தீர்கள்" என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காதாம்.

வீட்டுக்கு வந்த அப்பா, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாசலில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் அப்பா தவறு செய்வதில்லை. திட்டம்தான் போடுவார்.

"சாயப்பட்டறை போடறமுங்க" என்று அறிவித்தார். "பெரிய அளவுல. அதுக்குத்தான் இது."

பட்டன் கிடைத்துவிட்டது என்பதற்காகச் சட்டை தைக்கிற முடிவு. அதோடு நிற்கவில்லை. சாயப்பட்டறைக்குத் தண்ணீர் வேண்டும், இடம் வேண்டும். ரெண்டும் அம்மாவிடம் இருந்தன. மூலனூருக்கு அந்தப் பக்கம், அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த முருங்கைக்காடு. ஒரு கிணறு. வாரா வாரம் சந்தைக்குக் காய் போகும். அம்மாவுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே சொத்து.

"கெணறு இருக்குது, காடு இருக்குது, டிரான்ஸ்பார்மர் இருக்குது. இன்னும் என்ன வேணும்?" என்றார் அப்பா.

"புத்தி" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டாள். "கண்ணு, நீ படிச்ச படிப்புக்கு இந்தச் சனியனுக்கு ஒரு வேலை கண்டுபுடி. இல்லீன்னா உங்கப்பா என்ற காட்டுல மரத்த வெட்டிப்போட்டுக் கெணத்துல சாயத்தக் கலக்கிருவாரு."

நான் இறங்கினேன். முதலில் சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிற ஒருவரை வரவழைத்தேன். வந்தார். தட்டிப் பார்த்தார். காப்பி குடித்தார். "அருமையான சாமானுங்க தம்பி. ஊட்டுல கலந்துட்டுச் சொல்றனுங்க" என்றார். வெளியூர்க்காரன் இதைக் கேட்டால் நம்பிக்கையோடு காத்திருப்பான். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம், செத்தாலும் வாங்க மாட்டேன் என்பது.

அடுத்து, எங்களிடம் பனியன் வேஸ்ட் எடுக்கிற பாய். பழைய இரும்பும் எடுப்பார். "உடைச்சு எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

அப்பா கொதித்துப்போனார். "உசுரோட இருக்கறத உடைக்கறதா? பாவமில்லீங்களா?"

"அப்பச் சரிங்க மொதலாளி. வேளாவேளைக்குச் சோறு போட்டு வளத்துங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பாய் போய்விட்டார்.

இதற்கிடையில் டிரான்ஸ்பார்மர் தனக்குத் தானே வேலை தேடிக்கொண்டது. அதன் குழாய்களில் ஈரப் பனியன் காய்ந்தது. அதன் தலையில் டீ கிளாஸ்கள் நின்றன. தெருநாய் ஒன்று அதன் நிழலில் குட்டி போட்டது. பதினோராயிரம் வோல்ட்டை வாங்கி நானூற்று நாற்பதாக இறக்கித்தரப் பிறந்த ஜீவன், ஒரு கொடியாகவும் டீக்கடை மேஜையாகவும் காலத்தைத் தள்ளியது. நானும் அதுவும் ஒரே படிப்பு, ஒரே நிலைமை.

மாமா மட்டும் அடிக்கடி வந்தார். வந்ததும் டிரான்ஸ்பார்மரைத்தான் தடவிக் கொடுப்பார். "இது சும்மாதான் நிக்குதுங்களா மாப்ள?" என்று கேட்பார்.

"சும்மா எங்கீங்க மச்சான்? பட்டறை வேலை ஆரம்பிக்கப் போறமுங்க!"

"ஓ... நல்லதுங்க" என்று மாமா பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். மனுஷன் மாட்டிவிட்டதும் போதாமல் குத்திக்காட்டவும் வருகிறார் என்று எனக்கும் அம்மாவுக்கும் பற்றிக்கொண்டு வரும். அவர் போன பிறகு அப்பாவின் ரோஷம் ரெண்டு மடங்காகும். ஒருநாள் காட்டை அளக்க ஆளைக் கூட்டிக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அந்த வாரம்தான் மாமாவின் மில் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. அம்மா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, அண்ணனுக்குச் சீரு என்ன கொண்டுபோறது?"

"குத்துவிளக்கு வெச்சாப் போச்சு."

"குத்துவிளக்கு வர்றவங்க பூரா கொண்டாருவாங்க. நம்ம சீரு தனியாத் தெரிய வேண்டாமுங்களா? ஜில்லாவுலயே ஒருத்தரும் வெக்காத சீரு ஒன்னு வாசல்ல நிக்குது."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் வேறு படம் ஓடியிருக்கிறது. முன்னால் மேளம், பின்னால் லாரி, ரோட்டோரமெல்லாம் நின்று பார்க்கிற ஜனம்.

"மாலை பெருசா வேணும்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். மாட்டிவிட்டவன் தலையிலேயே கட்டுகிறோம் என்று எங்களுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

போனது அப்படித்தான். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆளுயரச் சம்பங்கி மாலை போட்டு, டிரான்ஸ்பார்மர் லாரியில் ஏறியது. டிரைவர் பக்கத்தில் அம்மா தேங்காய் பழத் தட்டோடு. மில் வாசலில் மேளம் நின்றதும், கூட்டத்தில் ஒரு பெரியவர், "பொறந்தவ சீரு கொண்டாந்திருக்கறா, ஆரத்தி எடுங்க சாமி" என்றார். சீரை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. மாமா முகம் சுருங்குவதைப் பார்க்க நான் முன்னால் போய் நின்றேன்.

மாமா அழுதார். நிஜமாகவே, துண்டால் மூக்கைச் சிந்தி அழுதார்.

"அம்மிணி, மெஷின் பூரா எறக்கி வெச்சிருக்கறேன். லைன் இழுத்தாச்சு. புது டிரான்ஸ்பார்மருக்கு எழுதிப்போட்டு இன்னும் வந்து சேரல. கரண்டே இல்லாத மில்லத்தான் இன்னிக்குத் தெறக்கறேன்."

"அப்ப அன்னிக்கு ஏலத்துல ஏனுங்க மச்சான் சும்மா இருந்தீங்க?" அப்பாவின் குரல் முதல் தடவையாகச் சின்னதாக வந்தது.

"நீங்க நெஞ்ச நிமித்திக் கேட்டீங்களே மாப்ள! அத்தன ஆசப்பட்டு மாப்ள கேக்கறப்ப, அதுக்கு மேல நான் கேட்டா நல்லா இருக்குமுங்களா? அப்பறமும் வந்து வந்து பாத்தேன். பட்டறை போடறேன்னு சொன்னீங்க. நான் எந்த வாயால கேக்கறது?"

ரெண்டு பெரிய மனுஷர்கள். ஒருவருக்குத் தேவையான சாமான் இன்னொருவர் வாசலில் நாய்க்குட்டிகளுக்கு நிழல் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு மரியாதை கெட்டவன் அந்தக் குடும்பத்தில் இருந்திருந்தால் அந்த மில் எப்போதோ ஓடியிருக்கும். அந்த வேலைக்கு எல்லாத் தகுதியும் உள்ள நான் பக்கத்திலேயே இருந்தும் யாரும் உபயோகித்துக்கொள்ளவில்லை.

டிரான்ஸ்பார்மரை இறக்கினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தாள். ரெண்டு பக்கத்துக்கும் வாடகை பேசிய வண்டி; காலியாகப் போவானேன், காட்டில் காய் பறித்து வைத்திருக்கிறது என்று கணக்கு.

அப்போது மாமா அப்பாவின் கையைப் பிடித்தார். "சீரு கொண்டாந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக்கூடாதுங்க மாப்ள. அந்த ஏலத்துலயே ஒரு பாய்லரும் என்ற தலைல கட்டிட்டாங்க. மில்லுக்கு அது ஆகாது. சாயப்பட்டறைக்குன்னா..."

அப்பாவின் நெஞ்சு மறுபடி நிமிர ஆரம்பித்தது.

அம்மா ஓடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பட்டுச்சேலையோடு லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். "டிரைவர் தம்பி, எடு வண்டிய!"

"அம்மிணி, பாய்லரு..." என்று மாமா கையை ஆட்டினார்.

"எடமில்லீங்ணா! முருங்கைக்காய் ஏத்தோணும்!"

நான் பின்னால் தொற்றி ஏறிக்கொள்ள, காலி லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு காட்டை நோக்கிப் போனது. அப்பா அன்றைக்குப் பஸ்ஸில்தான் வீடு வந்து சேர்ந்தார். தனியாக.