பச்சைக் கட்டம் போட்ட பிள்ளைகள்

சென்னையில் இந்த வாரம் விடாத மழை. பால்கனியில் போட்ட துணி காயவில்லை என்று மருமகள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி நாற்காலியாக விரித்திருந்தாள். காலையில் அந்த அறைக்குள் போனதும் ஈரத்துணியின் முடைநாற்றம் மூக்கில் ஏறியது. அவள் முகத்தைச் சுளித்தாள். நானோ நின்று இன்னொரு தடவை மூச்சை இழுத்தேன். எண்பதைத் தாண்டியவள் காயாத துணியை முகர்ந்துகொண்டு நின்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அவள் மின்விசிறியை இன்னும் கூட்டிவிட்டுப் போனாள். நல்ல பெண்.

தென்காசியில் சாரல் மாதங்களில் இந்த வாடை இல்லாத வீடு கிடையாது. ஆனியில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. தணல் சட்டியின் மேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் போட்டுத்தான் காயவைப்போம். அப்போது எனக்கு ஆசிரியை வேலை புதிது. வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எல்லாரும் புகை மணக்க உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் என்ன, என் சேலையும் அப்படித்தான் மணக்கும். ஊரே ஒரே அடுப்படியிலிருந்து எழுந்து வந்ததுபோல் இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கோயில் கோபுரம் அப்போது பிளந்து மொட்டையாக நின்றது. நான் குடியிருந்தது ரதவீதிக்குப் பின்னால், சங்கரபாண்டி அண்ணாச்சி வீட்டின் பின்கட்டில். அண்ணாச்சிக்கு ஜவுளிக்கடை. கடை மச்சில் ஒரு பலகை தொங்கும்: சாரல் சேவா சங்கம். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. கிளப் என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சாப்பாட்டுக் கடைக்கும் கிளப் என்றுதானே பெயர்? வெளியூர்க்காரர் சிலர் மச்சுப்படி ஏறி வந்து, இட்லி சூடாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு இறங்கிப் போவதும் உண்டு.

நான் கிளப்பில் சேர்ந்தது சேவை செய்யும் ஆசையால் அல்ல. அண்ணாச்சி ஒருநாள் பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒங்களுக்கு நல்ல சத்தம் உண்டும்லா? அருவிச் சத்தத்துக்கு மேல ஒரு சத்தம் வேணும். ஞாயித்துக்கிழம குத்தாலத்துக்கு வந்துருங்க."

என் குரலைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் நல்லதாகச் சொன்னதில்லை. மறுபேச்சில்லாமல் போனேன்.

கிளப்புக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது. குத்துக்கல்வலசையில் அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைச் சமாதானப்படுத்துவது, ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவது என்று ஏதாவது ஒன்று. ஆனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். தான் செய்த உதவியைத் தானே கூட்டத்தில் சொன்னால், அடுத்த கூட்டத்துக்குச் சுக்குக் காப்பி அவரே போட வேண்டும். நல்ல விதிதான். என்ன, நான் இருந்த காலம் முழுக்கத் தலைவரான அண்ணாச்சிதான் காப்பி போட்டார்.

சீசன் வந்துவிட்டால் எல்லா வேலையும் குற்றாலப் பேரருவிக்கு இடம் மாறிவிடும். அருவிக்குப் போகும் வழியில் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போடுவோம். வழுக்கி விழுந்தவர்களுக்குக் கட்டுப் போட எஸ்தர் அக்கா இருப்பாள். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ் அவள், ஆண்களையும் அதட்டியே வைத்தியம் பார்ப்பாள். எனக்குத் தகரத்தில் செய்த ஒரு ஊதுகுழாய். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் வந்து சொன்னால், நான் அதை வாயில் வைத்துக் கத்த வேண்டும். பிள்ளைகள் தொலைவது அங்கே சாதாரணம். அருவிக்குள் போகும்போது ஒரு முகமாகவும், தலை நனைந்து வெளியே வரும்போது வேறு முகமாகவும் இருப்பார்கள் மனிதர்கள். குழந்தைகளுக்கு அடையாளம் தெரியாது, யார் பின்னாலோ போய்விடும்.

அப்படி வந்து சேரும் பிள்ளைகள் உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிக்க நிற்பார்கள். எஸ்தர் அக்கா பேர் கேட்பதற்கு முன்னால் ஈர உடையைக் கழற்றுவாள். தலையைத் துவட்டி, உலர்ந்த சட்டை போட்டு, கையில் காப்பித் தம்ளரைக் கொடுத்த பிறகுதான் விசாரணை.

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி கடையில் ஒரு துணிக்கட்டு விலை போகாமல் கிடந்தது. பச்சை நிறத்தில் பாக்கு நிறப் பெரிய பெரிய கட்டம். மில்லில் யார் யார்மேல் என்ன கோபத்தில் நெய்தார்களோ! தீபாவளிக்குத் தீபாவளி எடுத்து விரிப்பார், வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் அதை அப்படியே கிளப்புக்குக் கொடுத்துவிட்டார். பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக, முழங்கால் வரை தொங்கும் சட்டைகளாகத் தைத்து அடுக்கினோம். எங்களோடு பந்தலுக்கு வரும் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளும் நனைந்தால் அதைத்தான் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே நம்ம பிள்ளை என்று எங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது. வினையும் அங்கேதான் இருந்தது.

ஆடி மாதம், கூட்டம் நெரித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் ஒருவர் பாறையில் விழுந்து மண்டை உடைந்து, எஸ்தர் அக்கா யாரோ ஒருவரின் காரில் அவரை ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் பந்தலுக்கு ஓடி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எம் பிள்ளைய பாத்தியளா? மஞ்சப் பாவாட, ரெட்டச் சட. இங்கனதான் நின்னா. தலயத் தொவட்டிட்டு நிமிந்து பாக்கேன், ஆளக் காணும். இம்புட்டு நேரம் அருவிக்குள்ள எல்லாம் தேடிட்டேன்."

பெயர் வள்ளியம்மாள், ஊர் அச்சன்புதூர். அக்கம்பக்கத்துப் பெண்களோடு வண்டி கட்டி வந்திருந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது, பெயர் உலகம்மாள். நான் பந்தலுக்குள் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் பாவாடை எதுவும் இல்லை. எங்கள் பச்சைக் கட்டப் பிள்ளைகள் ரெண்டு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள், இன்னொன்று தலையில் துண்டோடு கீற்றுத் தட்டிப்பக்கம் திரும்பி, சாக்குப் படுதாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. நான் குழாயை எடுத்துக் கத்த ஆரம்பித்தேன். மஞ்சள் பாவாடை, இரட்டைச் சடை, உலகம்மாள் என்ற பெண் குழந்தை. குரல் கம்மினால் அண்ணாச்சி வாங்கிக் கத்துவார். இருவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருக்கும்போதே அருவியின் நிறம் மாறியது.

மலையில் பெரிய மழை. வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் குழம்பாக இறங்கியது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லாரையும் வெளியே விரட்டினார்கள். கூட்டம் முழுக்க எங்கள் பந்தலைத் தாண்டிப் போனது. அதில் மஞ்சள் பாவாடை இல்லை. அண்ணாச்சி இளவட்டங்களைக் கூப்பிட்டு, அவளுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"ஏலே, ஆத்தோரமா கீழ வரைக்கும் போயிப் பாருங்கலே. கயித்தக் கொண்டு போங்க."

அவளுக்குக் கேட்டுவிட்டது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். வண்டியில் வந்த பெண்கள், இருட்டுவதற்குள் ஊர்போய்ச் சேர வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

"நீங்க போங்க. பிள்ளைய விட்டுட்டு நான் எங்கன வர?" என்றாள். குரலில் அழுகைகூட இல்லை.

அவளைக் கைத்தாங்கலாகப் பந்தலுக்குள் கூட்டிப்போய்த் துணி காயவைக்க மூட்டியிருந்த தணல் சட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தாள். கூடையின் மேல் காய்ந்த துண்டு ஒன்று கிடந்தது. அவளுக்குப் போர்த்தலாம் என்று அதை உருவினேன். அடியில், பாதி காய்ந்து, ஆவி பறக்க, ஒரு மஞ்சள் பாவாடை.

அவள் போட்ட அலறல் அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. பாய்ந்து அதைப் பிடுங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"எங்கன கெடந்துது? எந்தப் பாறையில கெடந்துது? சொல்லுங்க டீச்சர்!"

எனக்கு எப்படித் தெரியும்? யாரோ ஆற்றிலிருந்து எடுத்து வந்து போட்டுவிட்டு, சொல்லப் பயந்து போய்விட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். யாரைக் கும்பிட்டாரோ.

அப்போது படுதா அசைந்தது. பச்சைக் கட்டச் சட்டை போட்ட பிள்ளை எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கியது.

"எம்மா, ஏன் இப்பிடிக் கத்துத? ஒறங்க முடியல."

வள்ளியம்மாள் திரும்பிப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் பார்த்தாள். சடை அவிழ்ந்து, தலையில் துண்டு கட்டி, கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் கட்டமாக இருந்த அந்தப் பிள்ளை, "அந்த அத்த காப்பி குடுத்தாவ" என்றது. பிறகுதான் பெற்றவளுக்குத் தெரிந்தது. முதுகில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டு, அதுவரை வராத அழுகையை எல்லாம் அழுதாள். அண்ணாச்சி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, தோள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நானும் அழுதேன். எஸ்தர் அக்கா திரும்பி வந்தபோது பந்தலே அழுதுகொண்டிருந்தது, அவள் யார் செத்தது என்று கேட்டாள்.

விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். மண்டை உடைந்தவரைப் பார்த்த பதற்றத்தில், ஒரு பிள்ளை வந்திருப்பதை யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறாள். நாங்களோ கட்டத்தைப் பார்த்து நம்ம பிள்ளை என்று இருந்துவிட்டோம்.

வள்ளியம்மாள் முதல் வேலையாக அந்தச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். காயாத மஞ்சள் பாவாடையையே மறுபடி கட்டிவிட்டாள். பிள்ளை மறுபடி நடுங்கியது. எஸ்தர் அக்கா முணுமுணுத்துக்கொண்டே அதன்மேல் ஒரு போர்வையைச் சுற்றினாள். அந்தப் பெண்கள் போகாமல் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் ஏறும்போது வள்ளியம்மாள் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னாள்:

"பிள்ளைய நல்லாத்தான் பாத்திய அண்ணாச்சி. நான் தேடுனா கண்ணுல படுத மாரி வைக்கலியே."

அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி நீண்ட பேச்சு இருக்கும் என்று நினைத்தேன். அண்ணாச்சி ஒரு கயிற்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்தப் பிள்ளை வந்து சேர்ந்தாலும், கழற்றிய உடையை முதலில் பிழிந்து பந்தல் முகப்பில் கட்டிய கயிற்றில் போட்டுவிட்டுத்தான் தலை துவட்டுவது. காய வேண்டும் என்று அல்ல, கண்ணில் பட வேண்டும் என்று. சிவப்புக் கவுன், காக்கி நிக்கர், சரிகை வைத்த பாவாடை என்று கயிறு நிறைய ஆடும். ஓடி வருகிற தாய்மார்கள் எங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். தூரத்திலேயே கயிற்றைப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். என் தகரக் குழாய்க்கு வேலை குறைந்துபோனது, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த சீசனில் வள்ளியம்மாள் தானாகவே வந்து நின்றாள். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வருவாள். கூட்டத்தில் ஒருத்தி கண் தெறிக்க ஓடுவதைப் பார்த்தால் போதும், போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள். "பதறாதட்டி, கயித்தப் பாரு மொதல்ல" என்று கூட்டி வருவாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எங்களில் யாருக்கும் அவளுடைய தகுதி கிடையாது.

ஊர் பேர் தெரியாமல் வேலைக்கு வந்து, பின்கட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பந்தல்தான் சொந்தம் கொடுத்தது. அண்ணாச்சியும் எஸ்தர் அக்காவும் வள்ளியம்மாளும் இல்லாவிட்டால் நான் தென்காசியில் சம்பளம் வாங்கியிருப்பேன், வாழ்ந்திருக்க மாட்டேன். இன்றைக்கும் அவர்களை நினைத்தால் கைகள் தாமாகக் கூப்பிக்கொள்கின்றன.

இப்போது எதுவும் இல்லை. அண்ணாச்சிக்குப் பிறகு கிளப்பை எடுத்துச் செய்ய ஆள் இல்லை. பலகை எங்கே போனதோ. அருவிக்கரையில் இன்று போலீஸ் கூண்டும் ஒலிபெருக்கியும் கேமராவும் இருக்கின்றன. தொலைந்த பிள்ளை எங்கள் காலத்தைவிடச் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன்.

போன சீசனில் மகன் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். அருவிக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு சிறுமி பல் கிட்டிக்க நின்றாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அம்மா கொஞ்சம் தள்ளி நின்று கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் என் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டப் போனேன். அந்தப் பெண் சட்டென்று வந்து பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பரவால்ல ஆன்ட்டி, தேங்க்ஸ்."

மரியாதையாகத்தான் சொன்னாள். காலம் அப்படி இருக்கிறது. என் பேத்தியாக இருந்தால் நானும் இழுத்துக்கொண்டிருப்பேன். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். வள்ளியம்மாள் அன்று எங்களை என்னவெல்லாமோ கேட்டாள். என் பிள்ளையை நீங்கள் ஏன் தொட்டீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கயிற்றைப் பார்த்து ஓடி வந்தவர்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.