மண்டபத்துத் திரையில் நின்ற பெயர்

மலேசியாவில், சிகாமட்டில் ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் வேலை நடக்கிறது. கல்யாணங்களைப் படம் பிடிப்பது என் கணவர். கணினியில் தொகுத்து, எழுத்துப் போட்டு முடிப்பது நான். ஆரம்பத்தில் எழுத்துதான் என்னைப் படாத பாடு படுத்தியது. மென்பொருளில் தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் உட்காரும். பெயர் நீளமாக இருந்தால் பின்னாலுள்ள வண்ணப் பட்டையைத் தாண்டி வழியும். கடைசியில், பெயருக்குத் தக்கபடி பட்டையே விரிந்து சுருங்குகிற மாதிரி ஒரு டெம்ப்ளேட் செய்துகொண்டேன். முடிவில் கீழிருந்து மேலே ஓடும் பெயர்களும் அப்படித்தான். எத்தனை பேரைச் சேர்த்தாலும் பாட்டு முடியும்போது சரியாக முடியும். எங்கள் ஆட்கள் வீடியோவில் காத்திருப்பதே அந்தப் பகுதிக்குத்தான். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் மறுநாளே போன் வந்துவிடும்.

அப்படி நாங்கள் படம் பிடித்த ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிப் போய்வருவார். பெண் லாபிஸைச் சேர்ந்தவள், பாலர் பள்ளி ஆசிரியை. அவர்கள் கல்யாண வீடியோவை நான் முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் அண்ணன் போன் செய்தார்.

"அக்கா, தம்பி தவறிட்டான். காலையில வேலைக்குப் போறப்ப லாரி மோதிடுச்சு."

எதிரே திரையில் அந்தப் பையன் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். கணினியை அணைத்துவிட்டேன்.

சில நாள் கழித்து அவனுடைய அம்மாவும் அண்ணனும் மாடியேறி வந்தார்கள்.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு வீடியோ வேணும்மா," என்றார் அந்த அம்மா. "கல்யாணத்துல அவன் சிரிச்ச முகமா இருப்பான்ல, அதெல்லாம் எடுத்துப் போடு. அவ மட்டும் வேணாம்."

"பொண்ணு இல்லாமயா?"

"அவ காலடி வச்ச நேரம் என் புள்ள போயிட்டான். அவ எதுலயும் இருக்கக் கூடாது."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டும் காட்சியை விட்டுவிட்டேன். மற்றவற்றில் ஓரத்தில் அவளுடைய தோள் வந்தது, வளையல் வந்தது. அவற்றை வெளியே தள்ள, படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். அவன் முகம் மங்கிக்கொண்டே வந்தது. தலைப்பில் அவள் பெயரை அழித்ததும் பட்டை தானாகச் சுருங்கி, அவன் ஒருவன் பெயருக்கு அளவாக நடுவில் வந்து நின்றது. பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்ததற்கு அடையாளமே இல்லை. நான் பெருமைப்பட்ட வேலைதான்.

கடைசியில் ஓட வேண்டிய பெயர்கள் மீதி இருந்தன. 'பிரிவால் வாடும்' என்று எழுதி, தாய், அண்ணன், அண்ணி, தங்கை என்று அடித்துக்கொண்டு போனவள் கையை எடுத்துவிட்டேன். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"படத்துல வேணாம்னீங்க, சரி. பேர்ல மனைவிய விட்டுட்டு என்னால போட முடியாது தம்பி. கூடாதுன்னா வேற யார்கிட்டயாவது குடுத்துக்குங்க."

அவர், "போடுங்க அக்கா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

அவர் சொல்லவில்லை. அது பதினாறாம் நாளன்று, அவர்கள் குடியிருப்பான தாமானின் மண்டபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சன்னல்களை மூடிவிட்டு வீடியோவைப் போட்டார்கள். அம்மா முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண் கடைசி வரிசையில் தன் அப்பாவோடு இருந்தாள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. தாய்க்கு அடுத்து 'மனைவி' என்று அவள் பெயர் ஏறி வந்தது.

"நிறுத்துடா," என்றார் அம்மா. சத்தம் போடவில்லை.

அண்ணன் பதறி ஒரு பொத்தானை அமுக்கினார். ஓட்டம் நின்றது. பெயர் திரையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. வந்திருந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்தார்கள். அவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. புரொஜக்டருக்கு முன்னால் போய் நின்று மறைத்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் அந்த எழுத்துகள் விழுந்தன. நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.

சன்னல்களைத் திறந்தபோது அவளும் அப்பாவும் அங்கே இல்லை.

சில மாதம் கழித்து அவள் அப்பாவோடு எங்கள் கடைக்கு வந்தாள். நான் முடித்து வைத்திருந்த கல்யாண வீடியோவைக் கேட்டாள்.

"கடைசியில அவங்க வீட்டு ஆளுங்க பேரெல்லாம் வருதா அக்கா?"

"வருதும்மா. எடுத்துடட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "வேணாம், இருக்கட்டும். அன்னிக்கு எல்லாரும் வந்திருந்தாங்கதானே."

தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். இரண்டு பெயர்களும் ஒரே பட்டையில் வந்தன. அவள் அப்பா எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். பிறகு அவள் பண்டார் தெங்காராவில் இருக்கும் தன் அக்கா வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மாவை ஒருநாள் சந்தையில் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரே கிட்டே வந்தார்.

"நீ குடுத்ததுல பாட்டுதாம்மா கேக்குது. என் புள்ள பேசறது எதுலயாச்சும் இருக்கா?"

கல்யாண வீடியோவில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. சடங்குகள் முடிந்து உட்கார்ந்திருக்கும்போது அவன் பக்கத்தில் குனிந்து, "பசிக்குதா?" என்று கேட்பான். அவ்வளவுதான்.

"இருக்கும்மா," என்றேன். "அந்தப் பொண்ணுகிட்ட பேசறான்."

கையிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்தபடி நின்றார்.

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு, அதைத் தரச் சொல்லிக் கேட்காமலே மீன் விற்கிற பக்கமாக நடந்தார்.