அம்மா முடிக்காத மஞ்சள் சட்டை

கடலூரில் ஸ்வெட்டர் பின்னுகிற ஒருத்திக்கு மகளாகப் பிறந்தால் என்னென்ன பாடுபட வேண்டியிருக்கும் என்பதைப் படாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் ஊரில் மழை பெய்யாத நாளெல்லாம் வெயில்தான். குளிருகிறது என்று யாராவது சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வழிகிற வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அம்மா உல்லன் நூலில் எதையாவது பின்னிக்கொண்டிருப்பாள். அவள் படித்த கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் கற்றுக்கொடுத்தாராம். அந்தச் சிஸ்டரை நான் மனத்துக்குள் திட்டாத நாள் கிடையாது.

மனிதர்கள் யாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளத் தயாராக இல்லாததால் பொருள்கள் மாட்டிக்கொண்டன. டிவி ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டரின் கழுத்துக்கு ஒரு மஃப்ளர். ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குப் போட்ட உறையில் எப்போதும் சாம்பார் வாசனை அடிக்கும். என் தண்ணீர் பாட்டிலுக்கும் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வாசலில் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, சாயங்காலம் தெருமுனையில் நின்று மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவின் சிக்கனத்தைத்தான் பொறுக்க முடியாது. புது நூல் வாங்குவது என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை. ஒன்றைப் பிரித்துத்தான் இன்னொன்று. திங்கட்கிழமை மிக்ஸிக்கு உறையாக இருந்தது வெள்ளிக்கிழமை கால்மிதியாகிவிடும். மிக்ஸிக்கு வேறு நல்ல காலம் வரும்வரை அது வெறும் உடம்போடு நிற்கும். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்குமல்லவா, அதை நாற்காலி முதுகில் சுற்றி எடுத்து, அலசி, அடியில் கனமாக எதையாவது கட்டித் தொங்கவிட்டு நேராக்குவாள். காய்ந்த பிறகு உருண்டையாகச் சுற்றுவதற்கு மட்டும் நாற்காலி ஆகாது, நான்தான் வேண்டும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி உட்கார வேண்டும். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளக் கூடாது. டிவியில் எனக்குப் பிடித்த சேனலுக்கு மாற்றவும் கூடாது.

“ஆடாதடி, சிக்கு உழுந்துடும்” என்பாள். நான் மூச்சு விட்டாலும் அவளுக்கு ஆடுகிற மாதிரித்தான் தெரியும்.

பின்னுகிற ஊசிகள் அப்பாவின் பழைய குடைக்கம்பிகள். பழைய குடை என்பது அம்மாவின் கணக்கு. ஒரு ஐப்பசி மழையில், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா வாசலில் நின்று குடையை விரித்தபோது அதன் ஒரு பக்கம் காதறுந்த ஆடு போலத் தொங்கியது. அப்பா தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். அவர் செல்போனில் இருந்த நெட் பேக்கும் அப்படித்தான் தீர்ந்துபோகும். ஏதோ ஒரு தேசத்துப் பெண்மணி வாயே திறக்காமல் பின்னிக்காட்டும் வீடியோவை அம்மா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

டிசைன் என்று வந்துவிட்டால் அம்மாவுக்குக் கூச்சமே கிடையாது. டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இருக்கும் பெண்ணின் முந்தானையைப் பிடித்து விரல் வைத்து எண்ணுவாள். அந்தப் பெண் திரும்பி முறைத்தால், “ஒண்ணுமில்லீங்க, இந்தப் பூவுக்கு எத்தினி கட்டம் வருதுன்னு பாக்குறேன்” என்பாள். நான் ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று பார்ப்பேன். எண்ணிய கணக்கை வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் நிரப்புவாள். கட்டம் போட்ட தாள் எங்கள் வீட்டில் வேறு எங்கே இருக்கிறது? என் கணக்கு நோட்டில்தான். கழித்தல் கணக்குக்கு நடுவில் எதற்கு வாத்து என்று டீச்சர் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார். அது வாத்து இல்லை, மயில் என்று நான் சொன்னது அந்த வகுப்பில் பல நாள் பேச்சாக இருந்தது.

இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நூலுக்கு மட்டும் தனி மரியாதை. அது எலுமிச்சம்பழ நிறத்தில், மெத்தென்று இருக்கும். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட சித்தி, கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனபோது தன் அக்காவுக்கென்று வாங்கி வந்தது. ரிமோட், மிக்ஸி எதுவும் அதன் பக்கத்தில் வர முடியாது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும். எப்போதாவது வெளியே வரும். வந்துவிட்டால் அம்மாவின் முகமே மாறிவிடும். எதையோ முணுமுணுத்துப் பாடுவாள், என்னை அதட்டமாட்டாள், அப்பாவுக்குக் கேட்காமலே இரண்டாவது காபி கிடைக்கும். அந்த மஞ்சள் நூலில் கையில்லாத ஒரு சின்னச் சட்டை உருவாகும். என் பொம்மைக்குப் பெரிது, எனக்குச் சிறிது. மார்பில் அந்த வாத்து மாதிரி மயில். யாருக்கு என்று கேட்டால், “யாருக்குமில்ல, சும்மா நூலு” என்பாள்.

கழுத்து வரைக்கும் பின்னிவிடுவாள். ஊசியில் நிற்கும் கடைசி வரிசை நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை, ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது. மூடாவிட்டால், நுனியைப் பிடித்து இழுத்த மாத்திரத்தில் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அம்மா மூடமாட்டாள். அந்தக் கண்ணிகளை ஒரு பெரிய ஊக்கில் கோத்து, சட்டையைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிடுவாள். சில வாரங்கள் கழித்து ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், நாற்காலி முதுகில் மஞ்சள் நூல் ஈரமாகத் தொங்கும். அம்மா சிதம்பரம் போயிருப்பாள். இல்லையென்றால் போய்விட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சித்திக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா சொல்லிவிட்டு எனக்கு உப்புமா கிண்டுவார். அப்பாவின் உப்புமாவைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் என் துக்கம் தெரியும். இது ஒரு தடவை நடந்ததல்ல. அம்மாவுக்கு எதையும் உருப்படியாக முடிக்கத் தெரியாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சித்திக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று என்னிடம் சொன்னார்கள். வயிறு வெளியே தெரிந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். தாய் தகப்பன் இல்லாத சித்திக்குப் பிறந்த வீடு என்றால் எங்கள் வீடுதான். பிரசவத்துக்கு அவள் கடலூர் வந்திருக்க வேண்டும். ஆனால் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமையானால் அம்மா சிதம்பரத்துக்கு ஓடினாள். என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதுவும் வாங்க மாட்டார்கள். சட்டை, தொட்டில், கிலுகிலுப்பை எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. பிறந்த பிறகும் முதலில் உடுத்துவது பழந்துணிதான். ஆனாலும் மஞ்சள் நூல் வெளியே வந்துவிட்டது. இதென்ன வம்பு என்று அப்பா கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

“புதுசா வாங்கலியே, பழைய நூலுதானேங்க. அதுவுமில்லாம நான் முடிக்கவே இல்ல. முடிக்காத வரைக்கும் அது சட்டையே கெடையாது.”

கோர்ட்டில் எத்தனையோ வாதங்களைக் கேட்ட அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அப்படியென்றால் இது பாப்பாவுக்கான சட்டை. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் எரிச்சல். இந்த அம்மாவை நம்ப முடியாது. நாளைக்கே பிரித்து நாற்காலியில் தொங்கவிடுவாள். பாப்பா வந்து பார்த்தால் நூல் உருண்டைதான் இருக்கும். நான் மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று தோன்றியது.

மழைக்கு லீவு விட்டிருந்த ஒரு நாள், அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தேன். கண்ணிகளை மூடுவது எனக்குத் தெரியும். என் பொம்மையின் மஃப்ளரில் அம்மாவே கற்றுக்கொடுத்திருந்தாள். ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு கண்ணியாக, இனி யார் இழுத்தாலும் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி இறுக்கி மூடினேன். கடைசியில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன். அப்போதும் நம்பிக்கை வராமல் அதன் மேல் ஃபெவிகால் தடவினேன். காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது. சட்டையைத் துணியில் சுற்றி எடுத்த இடத்தில் வைத்தேன். ஊக்கை என் பாவாடையில் குத்திக்கொண்டேன்.

மறுநாளும் லீவு. மதியம் சித்தப்பாவின் போன் வந்தது. நாள் இன்னும் இருக்கிறது, அதற்குள் வலி எடுத்து சித்தியை நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டார்களாம். அம்மா பழைய வேட்டித் துணிகளைப் பையில் திணித்தாள். பிறகு பீரோவுக்குள் கைவிட்டு அந்தச் சுருட்டலை எடுத்தாள். எடுத்துப் பிரித்தவள் அப்படியே நின்றாள்.

“யாரு இத மூடுனது?”

“நாந்தான். நல்லா இருக்குதாம்மா?”

அடி விழும் என்றோ பாராட்டு கிடைக்கும் என்றோ நினைத்தேன். இரண்டும் இல்லை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நகத்தால் அந்த முடிச்சைக் கிள்ளினாள், பல்லால் இழுத்தாள். ஃபெவிகால் அசைந்து கொடுக்கவில்லை.

“பஸ்ஸ வுட்டுடுவோம், வா. அதெல்லாம் ஒண்ணும் ஆவாது” என்றார் அப்பா. ஆனால் அவரும் அந்தச் சட்டையைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

பஸ்ஸில் வழி முழுக்க அம்மா அதே வேலையாக இருந்தாள். என் பாவாடையிலிருந்து ஊக்கைப் பிடுங்கி முடிச்சைக் குத்திக் குடைந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை வலுத்து ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். இருட்டிலும் விடவில்லை. ஊக்கு விரலில் குத்தி ரத்தம் வந்தது. “ஊருக்குள்ள போறதுக்குள்ள அவுத்துடணும், எப்பிடியாச்சும் அவுத்துடணும்” என்று அப்பாவிடமா தன்னிடமா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உலகத்தில் எல்லா அம்மாக்களும் வேலையை முடிக்கவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். முடித்ததற்காக இப்படிப் பாடாய்ப் படுத்துகிற அம்மா எனக்கு மட்டும்தான் வாய்த்திருந்தாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதும் முடிச்சு அப்படியே இருந்தது. அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

நர்சிங் ஹோம் மாடிப்படியில் சித்தப்பா எதிரே ஓடி வந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. பெண் குழந்தை. கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அறைக்குள் போனால் சித்தி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நர்ஸ் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “புள்ளைக்கு ஒடம்பு சில்லுன்னு இருக்குது. ஸ்வெட்டர் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?” என்றார்.

எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் இருப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. யாரும் எதையும் வாங்கி வைத்திருக்கவில்லை. நாங்கள் கொண்டுவந்த வேட்டித் துணியெல்லாம் மழையில் நனைந்திருந்தது. அம்மா தன் இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் சட்டையை எடுத்து நீட்டினாள். நர்ஸ் மெதுவாக அதைக் குழந்தையின் தலைக்கு மேலே வைத்துப் பார்த்தார். உச்சந்தலையோடு நின்றுவிட்டது.

“யாரும்மா இத பின்னுனது? கழுத்தே இல்லியே. எலுமிச்சம்பழம்கூட உள்ள போவாது போலருக்கே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா, “சிஸ்டர், கத்திரிக்கோல் இருந்தா குடுங்க” என்றாள். என் கண்ணெதிரே அந்த ஃபெவிகால் முடிச்சைக் கத்தரித்து வீசினாள். நுனியைப் பிடித்து இழுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூடிய அத்தனை கண்ணிகளும் சரசரவென்று அவிழ்ந்தன.

“மறுபடியும் பிரிக்கிறியா!” என்று நான் கத்தினேன். “ஒரு தடவயாச்சும் உருப்படியா முடிக்கவே மாட்டியாம்மா நீ!”

சித்தி கண்ணைத் திறந்தாள். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் காதோரமாக இறங்கியது. “பிரிக்கட்டும்டி, நீ சும்மா இரு. பிரி அக்கா, நல்லா பிரி” என்றாள். அம்மாவுக்கு மூக்கு நுனியில் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் கையில்லாமல், கைப்பையிலிருந்து எடுத்த குடைக்கம்பியில் கண்ணிகளைக் கோத்துத் தளரத் தளர மூடிக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

நான் வராந்தா பெஞ்சில் போய் உம்மென்று உட்கார்ந்தேன். கழுத்தை இறுக்கி மூடியது தப்புதான் என்றாலும், அந்த ஒரு வரிசைக்காக இத்தனை பெரியவர்கள் அழ வேண்டுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் அம்மா அந்தச் சட்டையைப் பிரித்தது சித்தியின் வயிற்றில் குழந்தை தங்காமல் போன ஒவ்வொரு தடவையும்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு குழந்தையின் தலைக்குக் கழுத்து போதவில்லை என்பதற்காக அவள் அதைப் பிரித்தது அன்றுதான் முதல் தடவை.