பேனட்டில் வளர்ந்த பிள்ளைகள்

என் பிள்ளைகள் இருவரும் கொஞ்ச காலம் வீட்டுப் பாயில் தூங்கியதைவிடப் பேருந்தின் பேனட்டில் தூங்கியதுதான் அதிகம். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, மார்தட்டித்தான் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பேருந்தில் கண்டக்டர். மகள் நாலாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. வீடு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், வாடகை வீடு.

அந்த வருஷம் என் மனைவிக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கடலூர்ப் பக்கம், இரண்டு வருஷம், விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். வயது வரம்பு தாண்டப் போகிற கடைசி நேரத்தில் வந்த இடம். கடிதத்தைப் படித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, அழுதுகொண்டிருக்கிறாள் என்று.

"போ. பசங்கள நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்களா? விடிகாலையில போனா ராத்திரிதான வர்றீங்க?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்தான டூட்டி? வீட்டுல இருக்கற நாள்ல சமையல் என்னோடது. டூட்டி நாளுக்கு ஒரு வழி பண்றேன்."

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பிள்ளைகள் இதே வீட்டில், இதே பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். வல்லத்தில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. "அங்க போனா, 'உங்கம்மா உங்கள உட்டுட்டுப் போயிட்டா'ன்னு தெனம் ஒருத்தர் சொல்லிக்கினே இருப்பாங்க. அத மட்டும் எம்பசங்க கேக்கக் கூடாதுங்க. அனுப்பினீங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே பொட்டியத் தூக்கிக்கினு வந்துடுவேன்."

அண்ணன் காடு கழனியோடு வசதியாக இருப்பவர். கேப்பைக்கும் மல்லாட்டைக்கும், அதாவது வேர்க்கடலைக்கும், குறைவில்லாத வீடு, மனசும் கெட்ட மனசில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "பொண்டாட்டிய படிக்க அனுப்பிட்டு நீ சடை பின்னிக்கினு கெட. தீபாவளிக்குள்ள பசங்கள இங்க கொண்டாந்து உடல, எம்பேர மாத்திக்கறேன்" என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "பேர யோசிச்சு வச்சிக்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் டூட்டி நாளுக்கு இன்னும் ஒரு வழியும் பண்ணவில்லை என்பது உறைத்தது.

வழி என்று நான் கண்டுபிடித்தது என் பேருந்தையேதான். முதலாளியிடம் போய்க் கேட்டேன். "ஏறட்டும்பா. ஆனா சீட்டுல உக்காந்தா டிக்கெட்டு" என்றார். ஆகவே டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜினை மூடியிருக்கும் பேனட்டின்மேல் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். சீட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. மார்கழிக் குளிரில் அந்தச் சூடு எந்தக் கம்பளிக்கும் வராது. டிரைவர் எனக்கு மூத்தவர். மகன் தூக்கத்தில் சரியும்போதெல்லாம் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் அவனையும் பிடித்துக்கொள்வார்.

டூட்டி நாளில் எங்கள் காலை இப்படித்தான். இருட்டோடு எழுப்பி, அரைத் தூக்கத்திலேயே தோளில் போட்டுக்கொண்டு முதல் டிரிப்புக்கு ஏற்றுவேன். திண்டிவனம் போய்ச் சேரும்போது விடிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக் குழாயில் பல் துலக்கல், முகம் கழுவல். டீக்கடையில் ஆளுக்கு நாலு இட்லி. பிறகு சடை. பூக்காரம்மா ஒருத்தி முதல் நாள் நான் சீப்போடு போராடுவதைப் பார்த்து, "இன்னாபா, கயிறு திரிக்கிறியா?" என்று கேட்டாள். என் காது சிவந்துவிட்டது. சொல்லியும் கொடுத்தாள். ஒரு மாதத்தில், பஸ் கிளம்பப் போகிற கடைசி நிமிஷத்தில்கூட இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டும் அளவுக்குத் தேறிவிட்டேன். டிக்கெட் கிழிக்கிற விரலுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. திரும்பும் டிரிப்பில் விழுப்புரம் வரும்போது இருவரும் சீருடையில் ஜம்மென்று இருப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் டிரைவர் வண்டியைச் சற்று மெதுவாக்குவார்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் அவர்களே நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார்கள். மீண்டும் பேனட். வீட்டுப்பாடம் அங்கேதான். மகனின் கையெழுத்து முண்டியம்பாக்கம் வரை நேராகவும், கரும்பு டிராக்டர்கள் குழி பறித்த இடத்தில் கோணலாகவும் இருக்கும். வகுப்பு டீச்சர் கேட்டதற்கு, "ரோடு சரியில்ல டீச்சர்" என்று சொல்லியிருக்கிறான். தினமும் வருகிற பயணிகள் சும்மா இருப்பார்களா? கல்லூரி மாணவன் ஒருவன் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். கோட்டக்குப்பத்திலிருந்து ஜவுளி மூட்டையோடு வருகிற பாய் ஒருவர் ஏறும்போதே, "ஏழாம் வாய்ப்பாடு, ஜல்தி!" என்பார். சொன்னால் பேரீச்சம்பழம். துபாயில் இருந்த அவர் மகன் அனுப்பியது. பேரீச்சம்பழத்துக்காக என் மகன் பதினாறாம் வாய்ப்பாடு வரை போய்விட்டான்.

தீபாவளி வந்தது, போனது. அண்ணன் பேர் மாறவில்லை என்பது வேறு விஷயம். பிள்ளைகள் ஊருக்குப் போகவில்லை. மனைவி லீவில் வந்து பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனாள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஏறினால் அடி விழும் என்று சொல்வார்களே, விழுந்தது.

எங்களுக்குப் பின்னால் ஓடிய இன்னொரு தனியார் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்வண்டி என்போம். எங்கள் நேரம் முடிந்து ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றாலும் ஹாரனை அடித்து ஊரைக் கூட்டுவார்கள், ஏனென்றால் நாங்கள் நின்றால் அவர்கள் ஆளை நாங்கள் ஏற்றிக்கொள்வோம். அதன் கண்டக்டரும் நானும் எலியும் பூனையும். சம்பவத்தன்று காலையில்கூட டைம் கீப்பர் முன்னால் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டோம்.

அன்று மல்லாட்டை சீசன். சாயங்காலம் திண்டிவனத்தில் நல்ல கூட்டம். படிக்கட்டு வரை ஆட்கள், பின்னால் அவன் ஹாரன். நான் விசில் கொடுத்தேன். கூட்டத்தில் நீந்தி டிக்கெட் போட்டு முடித்து, கூட்டேரிப்பட்டில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் தலைகளை எண்ணினேன். கண்டக்டருக்கு அதுதான் வேதம்: கிழித்த டிக்கெட்டும் இருக்கிற தலையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தது. ஒரு தலைகூடக் குறையவில்லை. அவ்வளவு கூட்டத்திலும் கணக்கு நேரானதில் எனக்கே என்மேல் பெருமை. "ரைட்!" என்றேன்.

அப்போது பேனட்டிலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, தம்பி உங்கிட்டதான இருக்கான்?"

டிக்கெட் இல்லாத தலையை நான் எண்ணவே இல்லை. எந்த நாளும் எண்ணியதில்லை. மகன் தண்ணீர் குடிக்கத் திண்டிவனத்தில் இறங்கியிருக்கிறான். பின்னால் அப்பாவோடு நிற்கிறான் என்று மகளும் டிரைவரும் நினைத்திருக்கிறார்கள். கணக்கு சரியாக இருந்ததால் என் பிள்ளை தொலைந்துபோனது எனக்குத் தெரியவில்லை. வண்டியைத் திருப்பச் சொல்லிக் கத்தினேன். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, கெடைப்பான், கெடைப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டிரைவர் வண்டியைத் திருப்ப ஒடிக்கும்போது எதிரே வெளிச்சம். ஹாரன் ஒலி. அந்தப் பாழாய்ப்போன ஹாரன். பின்வண்டி எங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. படிக்கட்டில் என் மகன், வாயில் அந்தக் கண்டக்டரின் விசில்.

"யோவ், ஒன் பார்சல் ஒண்ணு எங்க வண்டியில ஏறிடுச்சு, இந்தா" என்று அவனைத் தூக்கி என்னிடம் நீட்டினான் என் ஜென்மப் பகைவன். "அழுவக்கூட இல்லய்யா இவன். நேரா எங்கிட்ட வந்து, 'எங்கப்பா வண்டி முன்னாடி போயிக்கினு இருக்குது, ஜல்தி போங்க'ன்னு ஆர்டர் போடறான்."

மகன் விசிலை எடுத்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, இவங்க வண்டி நம்ம வண்டியவிட ஸ்பீடுப்பா."

நான் அந்தக் கண்டக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். காலையில் நான் கிழித்த அவன் சட்டைப் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த டூட்டியிலேயே என் தினப்படிக் காசான பேட்டாவிலிருந்து இரண்டு அரை டிக்கெட் போட்டு இருவரையும் சீட்டில் உட்கார வைத்தேன். இனி அவர்கள் எண்ணிக்கையில் உண்டு. ஆனால் மகன் தொலைந்த அன்று எங்கள் பேருந்தில் வல்லம் பக்கத்து அனந்தபுரத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது போல, செய்தி வல்லம் போய்ச் சேர்ந்தது. அண்ணன் யாரிடமோ சொல்லிக் கடலூருக்கும் அனுப்பிவிட்டார். சனிக்கிழமை மனைவி வந்து இறங்கினாள். கையில் தகரப் பெட்டி, முழுப் பெட்டி.

பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். அண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தார். "தலைக்கு வந்தது தலப்பாயோட போச்சி. போதும்மா உன் படிப்பு" என்றார். அவள் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தாள், தலையில் பேன் பார்த்தாள், நோட்டுகளைப் புரட்டினாள். ராத்திரி என்னிடம், "திங்கக்கெழம நானும் உங்க வண்டியில வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். கடைசி சீட்டில் யாரோ போல உட்கார்ந்து டிக்கெட் வாங்கிக்கொண்டாள். திண்டிவனத்தில் நான் சடை பின்னுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பூக்காரம்மா என் மகள் தலையில் ஒரு துண்டு கதம்பம் வைத்துவிட்டு, "எம்மாணவன் எப்படி?" என்று என்னைக் காட்டி அவளிடமே கேட்டாள், யாரென்று தெரியாமல். நேரமாகிவிட்டது. பின்வண்டி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரனுக்குக் காத்திருந்தேன். ஹாரன் வரவில்லை. அந்தக் கண்டக்டர் இறங்கி வந்து எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "ரெண்டும் ஏறிச்சா?" என்று கேட்டு, டைம் கீப்பரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். டைம் கீப்பர் மைக்கைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி, "பசங்க ஏறியாச்சு. விழுப்புரம் வண்டி எடுக்கலாம்" என்றார்.

அவர்களாகவே பேசி வைத்து அன்று தொடங்கிய வழக்கம் அது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

விழுப்புரத்தில் பிள்ளைகள் இறங்கிப் பள்ளிக்குள் ஓடினார்கள். அவள் படிக்கட்டுக்கு வந்து, "கடலூர் வண்டி எத்தினி மணிக்குங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? பரீட்ச வருதுல்ல?"

அண்ணனிடம் அவள் சொல்லிக்கொண்டு போனதைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிப்பேன். "மாமா, பசங்களப் பாத்துக்க ஒரு ஊரே இருக்குது. நீங்க கவலப்படாம மல்லாட்டையப் பாருங்க."

படித்து முடித்தாள். வேலை உடனே வரவில்லை. வந்தபோது கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். முதல் நாள் என் வண்டியில்தான் போனாள். அம்மாவை வழியனுப்ப வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்து ஏறிக்கொண்டார்கள். அன்று சாக்கும் இல்லை, பேனட்டும் இல்லை, சீட்டில்தான். அண்ணனும் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் டிக்கெட்டை அவரே எடுத்தார்.

கூட்டேரிப்பட்டில் அவள் இறங்குவதற்கு முன் நான் தலைகளை எண்ணினேன். அவளையும், பிள்ளைகளையும், அண்ணனையும் சேர்த்து எண்ணினேன். டிக்கெட்டும் தலையும் ஒன்றாக இருந்தன. ஒருத்தர் குறையவில்லை. அவள் இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் நடந்தாள். அன்று நான் கொடுத்த விசில் மயிலம் மலைவரை கேட்டிருக்கும்.