லம்பெர்த்துஸின் பிறவினைப் பாடம்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், கிளாத்தென் நகருக்குத் தெற்கே, கரும்பு வயல்களுக்கு நடுவில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் லம்பெர்த்துஸ் வுவுருக்கு அது பதினான்காவது ஆண்டு. பதினான்கு ஆண்டுகளும் தற்காலிக ஆசிரியர். பிறந்தது கிழக்கே லெம்பாத்தா தீவில், தாய்மொழி வேறு. இந்தோனேசிய மொழியை அவர் பள்ளிக்கூடத்தில்தான் கற்றார். அதனாலேயே அதைச் சற்றும் பிழையின்றிப் பேசினார். மற்ற ஆசிரியர்கள் தங்களுக்குள் ஜாவா மொழியில் பேசிச் சிரிக்கும்போது, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவரும் சிரித்து வைப்பார்.

நிரந்தரப் பணிக்கான பெயர்ப்பட்டியல் அந்த ஆண்டு கல்வி அலுவலகத்துக்குப் போகவிருந்தது. பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெயர். வயது வரம்பு அவருக்கு அந்த ஆண்டோடு முடிந்துவிடும். பெயர் போனால் வாழ்நாள் முழுவதும் வேலை. போகாவிட்டால் அந்த ஊரில் இருப்பதற்கே காரணம் இல்லை.

பிறவினைப் பாடத்தை அவர் நடத்துவதைப் போல் யாரும் நடத்த முடியாது என்பதைப் பள்ளியில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். 'பஞ்சாங்' என்றால் நீளம். அதன் முன்னால் 'மெம்பெர்' என்று ஒட்டினால் நீளமாக்குதல். 'லெபார்' அகலம், 'மெம்பெர்லெபார்' அகலமாக்குதல்.

"வார்த்தைக்கு முன்னாடி இது வந்து உக்காந்துட்டா, எதுவும் தானா நடக்கலைன்னு அர்த்தம்," என்பார் பிள்ளைகளிடம். "பின்னாடி ஒரு ஆள் நிக்கிறான். அவன் யாருன்னு முதல்ல தேடுங்க."

இப்படி நானூறு எடுத்துக்காட்டுகளை ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்திருந்தார். எந்தச் சொல்லில் எந்த வகுப்பு தடுமாறும், எந்த வாக்கியத்துக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதுகூட ஓரத்தில் குறிக்கப்பட்டிருந்தது.

கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் மாதிரி வகுப்பைப் பார்க்க வருவதற்கு ஒரு வாரம் முன்பு, தலைமையாசிரியை பூர்வானிங்ரும் அவரைத் தம் அறைக்கு அழைத்தார். தம் கையாலேயே தேநீர் ஊற்றினார். ஆண்களை 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் அழைப்பது அங்கே மரியாதை.

"அந்த நோட்டைக் கொஞ்சம் ஹெர்லம்பாங் கிட்ட குடுங்க, பாக் லம்பெர். அவர் வகுப்பு எடுக்கட்டும்."

ஹெர்லம்பாங் தலைமையாசிரியையின் மருமகன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

"நானே எடுக்கிறேனே, இபு."

"எடுக்கலாம், யார் இல்லேன்னா? சின்னவருக்கும் ஒரு பழக்கம் வரட்டுமேன்னு பார்த்தேன். உங்க விஷயம் என் மனசுலேயே இருக்கு. டீ ஆறுது பாருங்க, குடிங்க."

மனத்தில் இருக்கிறது என்ற ஒரு சொல்லை லம்பெர்த்துஸ் வீடு வரை சுமந்து போனார். மனைவி ஜொவித்தா அதை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

மாதிரி வகுப்பு நன்றாகவே நடந்தது. ஹெர்லம்பாங் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் எழுதிப் போட்டான். லம்பெர்த்துஸ் குறித்திருந்த இடத்தில் நிறுத்தினான். லம்பெர்த்துஸ் எழுதிய நகைச்சுவைக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லம்பெர்த்துஸ், ஒரு மாணவி தடுமாறியபோது உதட்டசைவில் விடை சொல்லிக் கொடுத்தார். அதிகாரிகள் ஹெர்லம்பாங்கின் கையைக் குலுக்கினார்கள்.

மூன்று வாரம் கழித்து, எழுத்தர் ஙாத்திமான் வராந்தாவில் அவரை நிறுத்தினார்.

"ஊருக்குப் போற கப்பல் டிக்கெட் இப்பவே எடுத்தா சுளுவா கிடைக்குமாம், பாக்."

"லீவுக்கு இன்னும் நாள் இருக்கே."

"லீவுக்குத்தான்னு வச்சுக்குங்களேன்," என்றார் ஙாத்திமான், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு. அங்கே நின்றிருந்த இரண்டு ஆசிரியைகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள்.

கெட்ட செய்தியை நேருக்கு நேர் சொல்வது அந்த ஊரில் மரியாதை ஆகாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு ஙாத்திமான் தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். லம்பெர்த்துஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல சட்டையில் வரச் சொல்லி ஆள் வந்தது. ஜொவித்தா பாத்திக் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். ஆசிரியர் அறைக்குள் நுழைந்தவர் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வட்ட மூங்கில் தட்டில் வாழையிலை விரித்து, மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் பொரித்த கோழி, தெம்பே என்னும் சோயா வில்லைகள், முட்டை. தும்பெங் என்னும் விழாச் சோறு. அதன் நுனியை வெட்டி யார் கையில் முதலில் கொடுக்கிறார்களோ, அந்த நாள் அவருடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கணித ஆசிரியர் நிரந்தரமானபோது இதே மேசையில் இதைத்தான் வெட்டினார்கள்.

தலைமையாசிரியை நுனியை வெட்டித் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினார். லம்பெர்த்துஸுக்குக் கண் கலங்கியது. இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"பதினாலு வருஷம்," என்றார் தலைமையாசிரியை, எல்லோரையும் பார்த்து. "வேற தீவுல பிறந்து வந்து, நம்ம பிள்ளைங்களுக்கு நம்ம மொழியைச் சொல்லிக் குடுத்தார். இந்த மாசத்தோட நம்மளை விட்டுப் போறார். அவர் இடத்துல பாக் ஹெர்லம்பாங் இருப்பார். பேரும் போயாச்சு. பாக் லம்பெர் மனசார வாழ்த்தணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டு கையில் இருந்ததால் லம்பெர்த்துஸால் தட்ட முடியவில்லை.

"சாப்பிடுங்க, பாக். நீங்க தொடங்கினாத்தான் நாங்க சாப்பிடலாம்," என்றார் ஒருவர்.

அவர் ஒரு வாய் எடுத்து உண்டார். மற்றவர்கள் கோழித் துண்டுகளுக்காக நெருங்கினார்கள்.

ஹெர்லம்பாங் தடித்த நோட்டோடு பக்கத்தில் வந்து நின்றான். "பாக், ஒரு சந்தேகம். நாப்பதாம் பக்கத்துல உங்க கையெழுத்து தெரியல. 'புடாக்' அடிமை, அது புரியுது. 'மெம்பெர்புடாக்'குக்கு என்ன வாக்கியம் எழுதியிருக்கீங்க?"

லம்பெர்த்துஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். தம் கையெழுத்தை அவரே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

"தோட்ட முதலாளி கூலியாட்களை அடிமையாக்கினான்," என்றார்.

"எளிமையா இருக்கே. பாவம், கூலியாட்கள்," என்று சிரித்துக்கொண்டே எண்ணெய் விரலோடு ஹெர்லம்பாங் அதை எழுதிக்கொண்டான். "திங்கட்கிழமை இதைத்தான் எடுக்கணும். அன்னிக்கு ஒரு நாள் வந்து பின்னாடி உக்காருவீங்களா? எங்கயாவது தடுமாறினா உதவியா இருக்கும்."

"வர்றேன்," என்றார் லம்பெர்த்துஸ்.

மிஞ்சிய சோற்றை எல்லோருக்கும் பெட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். அவருடைய பெட்டியில் அந்த நுனிச் சோறு தனியாக இலையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஜொவித்தா வாசலிலேயே பெட்டியை வாங்கிப் பிரித்தாள். மஞ்சள் கூம்பைக் கண்டதும் அவளுக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"நுனியை உங்களுக்கா குடுத்தாங்க?"

"எனக்குத்தான்."

அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுவிட்டாள். அந்த அம்மாள் ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். இதற்குள் ஜொவித்தா லெம்பாத்தாவில் இருந்த தன் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசி முடித்து, கருவியை அவர் காதில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க."

"ரொம்ப மரியாதை பண்ணாங்க, மச்சான்," என்றார் லம்பெர்த்துஸ்.

"கேட்டேன், கேட்டேன். நிரந்தரமாயிடுச்சாமே, நல்லதாப் போச்சு. நம்ம மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்கு மொழி வாத்தியார் வேணும்னு சாமியார் ரெண்டு மாசமா கேக்கிறார். எதுக்கும் இருக்கட்டும்னு உங்களுக்காகப் பிடிச்சு வச்சிருந்தேன். இன்னிக்கே வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லிடறேன். சரிதானே?"

ஜொவித்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி சிரித்தபடி இருந்தாள்.

"சரி, மச்சான்," என்றார் லம்பெர்த்துஸ்.