குளத்துப் படத்தில் இல்லாத பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதம். சிங்காநல்லூர் குளத்தங்கரையில் நடந்தது இது.

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தினமும் விடியற்காலையில் அங்கே போய் வாட்டர் கலரில் குளத்தை வரைவேன். தண்ணீர் மேல் முதல் வெளிச்சம் விழுகிற அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குக் கோயில், பூஜை எல்லாமே. அதனால் படத்தில் மனிதர்களைச் சேர்க்கவே மாட்டேன். நடக்க வருகிறவர்கள் பேச்சுக் கொடுத்தால் எரிச்சலாக இருக்கும்.

அவர்களில் ஒரு பெண் தினமும் பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க்கா, இன்னைக்கு வெயிலு நல்லா வந்துச்சுங்களா?" என்று கேட்பார். நிமிராமல் தலையை மட்டும் ஆட்டுவேன். அந்தக் குரல் ஒருநாள் நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு காலையில், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"தினமும் வரையறது நீங்கதானுங்களாம்மா? எம்பட சம்சாரம் உங்ககிட்டப் பேசுவாளுங்க. போன மாசம் மாரடைப்புல போயிட்டா. கல்யாண போட்டோவத் தவிர ஊட்டுல ஒண்ணுமில்லைங்க. செல்போன எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவா. உங்க படத்துல எங்கயாச்சும் இருக்காளான்னு பாத்துக்கட்டுமுங்களா?"

ஓவிய நோட்டை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். குளம், நாணல், வெளிச்சம். ஓர் ஆள்கூட இல்லை. கல்யாண போட்டோவைக் கொடுத்தால் அதைப் பார்த்து அவர் மனைவியைப் படத்தில் சேர்த்து வரைந்து தருவதாகச் சொன்னேன்.

"வேண்டாமுங்க. நீங்க பாக்காத மூஞ்சிய எப்படி வரைவீங்க?"

அவர் குரலில் துளியும் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். கரையிலிருக்கும் சிமென்ட் பெஞ்சில் வெயில் விழுந்திருந்த படம்.

"இதுலதான் உக்காந்து எனக்குப் போன் பண்ணுவாளுங்க. 'ஒரு அக்கா சாமி கும்பிடற மாதிரியே வெயில வரையறாங்க'ன்னு சொல்லுவா. இத மட்டும் குடுக்கறீங்களா?"

பக்குவமாகக் கிழித்துக் கொடுத்தேன். மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்து போனார். அன்று என்னால் வரைய முடியவில்லை.

இப்போது என் படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். யாராவது பேச வந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு முகம் பார்த்துப் பதில் சொல்கிறேன். ஆனாலும், அத்தனை நாள் என் வெயிலை அன்போடு விசாரித்த ஒருத்தியின் முகம் எனக்குத் தெரியாது என்பது, ஒவ்வொரு விடியலிலும் என்னை உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.